ஆபரேஷனுக்கு முந்திய நாட்கள்

(எல்லைப் பகுதிக் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலியைப் பற்றியும் ரேஷன் கார்டைப் பற்றியும் பேச வேண்டியவர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்திருக்கும் விஷயம் இருதய வால்வு ஆபரேஷன். "இதைச் சங்க மேடையில் பேசுவானேன், டாக்டர் பேசட்டுமே" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுத்தது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்வி. ஆபரேஷனைப் பற்றி டாக்டர்தான் பேச வேண்டும். நாம் பேச வந்தது ஆபரேஷனுக்கு முந்திய நாட்களைப் பற்றி. தேதி குறித்துக் கொடுத்த பிறகு, அந்தத் தேதி வரும்வரை, ஒரு தொழிலாளியும் அவர் குடும்பமும் யாரோடு பேசுவது? இதுதான் கேள்வி.

ஒரு சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். பெயர், எஸ்டேட், ஆஸ்பத்திரி எதையும் சொல்லமாட்டோம். நடந்ததைச் சொல்ல மட்டும் அந்தத் தங்கை அனுமதி கொடுத்திருக்கிறார்.

தேவிகுளம் பக்கத்தில் கொழுந்து எடுக்கிற பெண். முப்பத்துமூன்று வயது. இரண்டாவது பிரசவத்தின்போதே மூச்சு வாங்கியிருக்கிறது. ரத்தம் குறைவு என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். மேட்டில் ஏறினால் படபடப்பு, ராத்திரி படுத்தால் இருமல், இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, இருதயத்தின் இடப்பக்கத்து வால்வு சுருங்கிக் கிடக்கிறது, பலூன் விட்டு விரிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு முந்திய நாள் வார்டிலிருந்து சொல்லாமல் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். இரண்டாவது தேதி கொடுத்தார்கள். அப்போதும் அப்படியே.

படிக்காத சனம், பயந்து ஓடுகிறது என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், சங்கத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டு தோழர்கள் லயத்துக்குப் போய், "பயப்படாதேம்மா, ஒன்றும் ஆகாது" என்று ஒரு மணி நேரம் பேசி, அவர் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அந்தத் தங்கை தலையைத் தலையை ஆட்டினாராம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நம் சங்கக் குடும்பத்து அம்மாள் ஒருவர் இருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்பு வால்வு மாற்றியவர். காட்டு வேலைக்குப் போகிறவர். விஷயத்தைக் கேள்விப்பட்டு, "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக நாள் முழுக்க பஸ் பிரயாணம். போய்ச் சேர்ந்ததும் அவர் தேறுதல் எதுவும் சொல்லவில்லை. ரவிக்கைக் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் தழும்பைக் காட்டினார். "கண்ணு, காதை இங்க வை" என்றார். உள்ளே கடிகாரம் போல டிக் டிக் என்று சத்தம். "இதுதான் என்ற வால்வு. மொதல் ஒரு மாசம் இந்தச் சத்தத்துல தூக்கம் வராது. அப்புறம் இது கேக்கலீன்னா தூக்கம் வராது" என்றார். தங்கை சிரித்தாராம். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தது என்று அவர் புருஷன் எங்களிடம் சொன்னார்.

பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. "அக்கா, நெஞ்செலும்ப அறுத்துட்டா திரும்பக் கொழுந்துச் சாக்குத் தூக்க முடியுமா? தூக்க முடியலேன்னா வேலையிலருந்து எடுத்துருவாக. வேலை போனா வீடு போயிரும். பிள்ளைகள எங்க வச்சிருப்பேன்?"

தோழர்களே, அந்தப் பெண் சாவுக்குப் பயந்து ஓடவில்லை. பிழைத்தால் என்ன ஆவது என்று பயந்து ஓடியிருக்கிறார். வேலையோடு வீட்டைக் கட்டிப்போட்டிருக்கும் தோட்டத்து ஏற்பாட்டில் இது எவ்வளவு நியாயமான பயம் என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. டாக்டர் இதைக் கேட்கவில்லை, கேட்க அவருக்குத் தோன்றவும் தோன்றாது. நாம் கேட்டிருக்க வேண்டும். அறுபட்ட நெஞ்சோடு திரும்பி வந்து மண்வெட்டி பிடித்த ஒரு பெண்ணிடம்தான் அந்தக் கேள்வி வாயைத் திறந்தது. அதற்குப் பிறகு நம் வேலை சுலபமாகிவிட்டது. மானேஜரிடம் பேசி, மூன்று மாதம் லீவும் அதன்பின் கொஞ்ச நாள் லேசான வேலையும் என்று எழுதி வாங்கினோம். மூன்றாவது தேதிக்கு அவர் போனார். இன்று வேலைக்குப் போகிறார். சாக்கை மட்டும் புருஷன் தூக்குகிறார்.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் முட்டி வீக்கமும் வரும். வீக்கம் ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிக்குத் தாவும், பிறகு தானே வடிந்துவிடும். ஆனால் அதற்குள் அது இருதய வால்வைத் தொட்டிருக்கும். முட்டியை நக்கிவிட்டு இருதயத்தைக் கடிக்கிற நோய் என்று டாக்டர்கள் சொல்வார்கள். வால்வு தடித்துச் சுருங்க வருஷக்கணக்காகும். அதனால்தான் பள்ளிப் பருவத்தில் வந்த காய்ச்சல், கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை வந்ததும் மூச்சுத் திணறலாக வெளியே தெரிகிறது. நெருக்கியடித்து வாழ்கிற வீடுகளில்தான் இந்தக் கிருமி பரவும். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற லயத்தைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். பணக்கார நாடுகளில் மக்கள் விசாலமான வீடுகளுக்கு மாறியபோதே இந்த நோய் குறைய ஆரம்பித்தது, பென்சிலின் வந்து மீதியையும் குறைத்தது. நோய் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, டாக்டர் சொல்கிற வருஷம் வரை, தவறாமல் போட வேண்டும். ஊசியை நிறுத்திய வீட்டிலிருந்துதான் பின்னால் ஆபரேஷனுக்கு ஆள் போகிறது.

கொழிஞ்சாம்பாறை அம்மாளின் நெஞ்சில் சத்தமிடுகிற வால்வு எங்கே செய்தது தெரியுமா? திருவனந்தபுரத்தில். ஒரு காலத்தில் வால்வு என்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையைக் கேட்டே ஏழை வீட்டுக்குப் போய்விடுவான். ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் என்ஜினியர்களும் சேர்ந்து, நம் நாட்டிலேயே செய்வது என்று இறங்கினார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நாலாவது மாதிரியை ஆடுகளில் சோதித்துப் பார்த்து, 1990 டிசம்பர் 6-ந் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோகக் கூண்டுக்குள் பிளாஸ்டிக் தட்டு ஒன்று சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும், அதுதான் அந்த டிக் டிக். பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். வலியத்தான் 2024-ல் காலமானார். பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, வால்வு கிடைத்துவிட்டது. தைரியம் எங்கே கிடைக்கும்? இதிலும் நாம் முதல் ஆள் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ட்வைட் ஹார்க்கன் என்று ஒரு சர்ஜன். இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் இருதயத்தில் பாய்ந்திருந்த குண்டுச் சில்லுகளை எடுத்தவர். 1948-லிருந்து, துடித்துக்கொண்டிருக்கிற இருதயத்துக்குள் விரலை விட்டு, சுருங்கிய வால்வைத் திறக்கிற ஆபரேஷனைச் செய்ய ஆரம்பித்தார். இருதயத்தை நிறுத்தி வைத்து ஆபரேஷன் செய்கிற மெஷின் அப்போது கிடையாது. ஆரம்பத்தில் செத்தவர்களும் உண்டு. பிழைத்தவர்களில் நாலு பேர் 1951-ல் அவரோடு உட்கார்ந்து பேசி ஒரு சங்கம் வைத்தார்கள். 'மெண்டட் ஹார்ட்ஸ்' என்று பெயர், தைத்துச் சரிசெய்த இருதயங்கள் என்று அர்த்தம். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரைப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. இன்றைக்கும் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் அந்தச் சங்கத்தார் வார்டுக்குள் போகிறார்கள். அதே 1951-ல்தான் நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது என்பதும் நினைவுக்கு வருகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அது வழி செய்தது, ஆஸ்பத்திரிக்குள் பக்கத்தில் உட்கார ஆள் தரவில்லை. சட்டம் அதைத் தரவும் முடியாது.

அமெரிக்காவைப் புகழ நாங்கள் வரவில்லை. பிழைத்தவன் காத்திருப்பவனைப் பார்ப்பதால் பயன் உண்டா என்று கனடாவில் சோதித்தே பார்த்தார்கள். முதல் தடவை இருதய ஆபரேஷனுக்குப் போகிற ஆண்களில் ஒரு பகுதியினரை, முன்பே ஆபரேஷன் ஆனவர்கள் சந்தித்துப் பேசினார்கள். அப்படிச் சந்தித்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது என்று 2000-ல் அந்த ஆய்வு வெளியானது. நம் கேரளத்திலேயே 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண இயக்கம் தொடங்கி, அக்கம்பக்கத்து ஜனங்களே படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கும் பழக்கம் மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆகவே இது இந்த மண்ணுக்கு அந்நியமான காரியம் இல்லை.

போய்ப் பார்க்கிறவர் என்ன சொல்வது? தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச வராது, குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையை லேசாகக் கட்டியிருக்கலாம். இது தெரியாமல் கண் விழிப்பவர், தன்னைக் கட்டிப்போட்டு ஊமையாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். தெரிந்து விழிப்பவர், 'ஓ, அந்த அக்கா சொன்ன குழாய் இதுதான்' என்று நினைப்பார். நடு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள், இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி தாங்கும். வீட்டுக்கு வந்த பிறகு காரணமே இல்லாமல் அழுகை வரும். ஆண்களுக்கும் வரும். அதைப் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகக் கூடாது, பல பேருக்கு வருவதுதான், நாளாவட்டத்தில் போகும், போகாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிறகு மாத்திரை. உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்று எழுதுவார்கள். "எலி விஷத்தைக் கொடுக்கிறார்கள்" என்று ஒரு வதந்தி லயங்களில் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் வந்தது. அளவாகக் கொடுத்தால் அதுவே உயிர் காக்கிறது. அளவு சரியா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தப்போக்கு. கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் கட்டுக் கட்டாகவும் மறு வாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால் கணக்குத் தப்பும். கஷாயம், வலி மாத்திரை எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். பல் பிடுங்கப் போனால் வால்வு வைத்திருப்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பல் டாக்டரிடம் அனுப்புவார்கள். 'நெஞ்சு நோய்க்குப் பல்லை ஏன் பார்க்கிறான்' என்று சண்டை போடாதீர்கள், பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்வில் உட்காரும்.

பெண்கள் விஷயத்தைப் பெண்கள்தான் பேச வேண்டும். இந்த மாத்திரையால் மாதவிலக்கில் அதிக ரத்தம் போகலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் இது கெடுதல் செய்யக்கூடியது. இனிமேலும் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற பெண் அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உலோக வால்வா, மாட்டுத் திசு, பன்றித் திசுவில் செய்த வால்வா என்று முடிவு செய்வதில் அதற்குப் பங்குண்டு. திசு வால்வுக்கு ஆயுள் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் வருஷங்கள் கழித்துத் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டி வரும். மாமியாரும் புருஷனும் நிற்கிற இடத்தில் எந்தப் பெண் இதைக் கேட்பாள்? அதனால் பெண்ணைப் பார்க்கப் பெண்தான் போவது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

இன்னும் சில முடிவுகள் உண்டு. எந்த வால்வு, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு மாத்திரை என்று நம் ஆள் சொல்லக் கூடாது. காசு, கமிஷன் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள். 'ஒன்றும் ஆகாது' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி முடிவு எப்படி வந்தது என்றால், நாங்கள் போய்ப் பார்த்துத் தைரியம் சொன்ன ஒரு தோழர் திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்து போனபோது அவர் மனைவி கேட்டார்: "நீங்க பொழைச்சவங்களை மட்டுந்தானே கூட்டிட்டு வந்தீங்க?" நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து, சிலர் திரும்புவதில்லை, உனக்கு எவ்வளவு ஆபத்து என்று டாக்டரிடம் நேராகக் கேள், நாங்களும் கூட வந்து நிற்கிறோம் என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறோம். கேட்டுவிட்டு வேண்டாம் என்று திரும்பியவர் இதுவரை யாருமில்லை.

போக்குவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பழகிய ஆட்கள் என்பதால் இதை அதிகமாகப் பேசிவிடுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இருதய ஆபரேஷனுக்குப் போகிற நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதம் சலுகை உண்டு. 2020-ல் பல சலுகைகளை நிறுத்தியபோதும் நோயாளிகளின் சலுகையை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் சர்டிபிகேட் வாங்கிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், கேட்காதவனுக்கு எந்தக் கிளார்க்கும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டான், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பாலக்காட்டுப் பக்கத்தாருக்கு, மதுரை, பழனி, பொள்ளாச்சி, கொல்லங்கோடு வழியாகத் திருவனந்தபுரம் போகிற அமிர்தா எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி இருக்கிறது. இடுக்கித் தோழர்கள்தான் பாவம். மூணாற்றுக்குப் பக்கத்தில் ஓடிய சின்ன ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது, அதற்குப் பிறகு அந்த மலையில் தண்டவாளம் இல்லை. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பி வந்தது கீழே இறங்கி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அட்டை விஷயம். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தனி. எல்லையில் இருக்கிற நமக்கு ரேஷன் கார்டு ஒரு பக்கம், பக்கத்திலிருக்கிற ஆஸ்பத்திரி மறுபக்கம். வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர், மலை இறங்கினால் தேனி. உங்கள் அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதைத் தேதி வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஊரில் எல்லாத்தையும் அடகு வைத்துவிட்டு அங்கே போய் விசாரிக்காதீர்கள்.

நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் நாம் கேட்பது அதிகம் ஒன்றும் இல்லை. ஐ.என்.ஆர். பரிசோதனை தாலுகா ஆஸ்பத்திரியில் தவறாமல் நடக்க வேண்டும். ரத்தம் கொடுத்துப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்க வைத்தால் மனிதன் பரிசோதனையை விடுவான், பிறகு வால்வை இழப்பான். ஆபரேஷன் ஆனவர் லேசான வேலைக்கு வரும்வரை வீட்டில் கை வைக்கக் கூடாது. சம்மதப் பத்திரத்தைத் தமிழில் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் அரசாங்கத்துக்கு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். மனு எழுதத் தமிழ் ஆகும், நெஞ்சை அறுக்கச் சம்மதம் கொடுக்கத் தமிழ் ஆகாதா? மலையாளி நர்சுகளைக் குறை சொல்லவில்லை. எத்தனையோ சகோதரிகள் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசி நம் ஆட்களைத் தேற்றியிருக்கிறார்கள். ஒரு நர்சின் நல்ல மனசை நம்பி ஒரு சமூகம் முழுவதும் இருக்க முடியாது என்றுதான் சொல்கிறோம்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். வருகிற வியாழக்கிழமை ராத்திரி கொல்லங்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் ஆபரேஷனுக்குப் புறப்படுகிறது. நோயாளி இருபத்தாறு வயதுப் பையன், லாரியில் கிளீனர். பார்த்துப் பேசக் காஞ்சிக்கோட்டுத் தோழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையே போகிறார், அவருக்கு ஆறு வருஷத்துக்கு முன்பு வால்வு மாற்றியது. ரத்தம் கொடுக்க நாலு பேர் வேண்டும், இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். பையனின் அம்மா வீட்டில் தனியாக இருப்பார், அவரோடு ராத்திரி படுத்துக்கொள்ள யாராவது ஒரு தாய் வேண்டும். வாசலில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.